பூனையின் பிரசவத்தில் அரை மணி நேரம் என்பது நீண்ட நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் பிரசவ வார்டில் 27 ஆண்டுகள் அட்டெண்டனாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வயது 63. ஃபார்லிம் அடுக்குமாடி வீட்டில் பேத்தியோடு இருக்கிறேன். கடந்த சீனப் பெருநாளின் இரண்டாம் நாள் இரவு எங்கள் பூனை அல்லிக்கு நடந்ததை எழுதுகிறேன். படிப்பவர் வீட்டில் சினைப் பூனை இருந்தால், இதில் ஏதாவது ஒரு வரி உதவும் என்று நம்புகிறேன்.

"பூனைதானே, அதுபாட்டுக்கு ஒரு மூலையில் குட்டி போட்டுவிட்டு ஏழு வீடு மாற்றும், நமக்கென்ன வேலை" என்று நம் வீடுகளில் சொல்வோம். நானும் அப்படிச் சொன்னவள்தான். பெரும்பாலான பூனைகள் மனிதர் கை படாமலே பெற்றுக்கொள்கின்றன, அது உண்மை. முடியாமல் போகிற பூனையை அடையாளம் காண எனக்குத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பிரசவங்களை அருகிலிருந்து பார்த்த எனக்கே தெரியவில்லை.

அல்லி எங்களிடம் வந்தது போன வருடம் ஜூலையில். கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்து, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு தூணோரம் கிடந்தது. ஒரு வயதுகூட இருக்காது. மேலே தூக்கி வந்து அட்டைப் பெட்டியில் வைத்துச் சோறும் மீனும் கொடுத்தேன். ஐந்தாறு வாரத்தில் எழுந்து நடந்தது, அப்புறம் அலமாரி மேலே தாவியது. எலும்பு தானாகக் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மருத்துவரிடம் காட்டவில்லை. கருத்தடை ஆபரேஷனும் செய்யவில்லை. நவம்பரில் இரண்டு மூன்று இரவு கத்திக்கொண்டே இருந்தது, ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது இறங்கிப் போய்விட்டு மறுநாள் வந்தது. டிசம்பர் கடைசியில் வயிறு தெரிந்தது. பூனைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம், 63 முதல் 67 நாள் வரை. கணக்குப் போட்டு, சீனப் பெருநாள் ஒட்டி வரும் என்று பேத்தி நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு அல்லி பெட்டித் துணியைப் பிறாண்ட ஆரம்பித்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, அடிக்கடி வந்து என் காலை உரசியது. இது முதல் கட்டம். இது பன்னிரண்டு மணி நேரம், சில பூனைகளுக்கு ஒரு நாள்கூட நீடிக்கலாம், பயப்படத் தேவையில்லை. இரவு 8.15க்கு வயிறு இறுகி முக்கத் தொடங்கியது. வார்டுப் பழக்கம், நேரத்தைக் குறித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்து நீர் போனது.

தவறு இங்கேதான் நடந்தது. தலைப்பிரசவம், பொறுமையாகத்தான் வரும் என்று நினைத்தேன். பெண்களுக்குத் தலைப்பிரசவம் பன்னிரண்டு மணி நேரம், பதினெட்டு மணி நேரம் ஆவதைப் பார்த்துப் பார்த்து என் மனம் அந்தக் கடிகாரத்துக்குப் பழகியிருந்தது. பூனையின் கடிகாரம் வேறு. பலமாக முக்கத் தொடங்கிய பூனைக்கு அரை மணி நேரத்துக்குள் குட்டி வர வேண்டும். அதற்குமேல் முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது என்று பொருள். நான் காத்திருந்தது இரண்டே முக்கால் மணி நேரம்.

ஒன்பது மணிக்கு எதிர் பிளாக்கில் பட்டாசு கொளுத்தினார்கள். அல்லி பெட்டியை விட்டு ஓடிக் கட்டிலுக்கடியில் ஒடுங்கியது. பயந்தால் பூனைக்குப் பிரசவம் நின்றுபோகும், அது உண்மைதான். பட்டாசால்தான் தாமதம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். 10.40க்கு முக்கல் குறைந்து, பிறகு நின்றேவிட்டது. வலி அடங்கிவிட்டது, கொஞ்சம் தூங்கட்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். உண்மையில் கருப்பை களைத்துப்போய் நின்றிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அப்படி நின்றிருந்தால் நான் ஓடிப்போய் மிஸ்ஸியை, அதாவது நர்ஸை, கூப்பிட்டிருப்பேன். பூனை என்பதால் அது ஓய்வு என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். பூனைகள் இரண்டு குட்டிகளுக்கு நடுவே நிறுத்தி இளைப்பாறுவதும் உண்டு. பிறந்த குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, அமைதியாகப் படுத்திருந்தால் அது இயற்கை. மறுநாள் மிச்சக் குட்டிகளைப் போட்ட பூனைகளும் உண்டு. ஒரு குட்டிகூட வராமல் முக்கி முக்கி ஓய்ந்துபோவது வேறு. ரத்தமாக, அல்லது நாற்றமடிக்கும் நீராகப் போவது வேறு. குட்டியின் ஒரு பகுதி வெளியே தெரிந்து பத்து நிமிடத்தில் வராமல் நிற்பது வேறு. இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. ஒன்று மட்டும், பின்னங்கால் முதலில் வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பூனைகளுக்கு அது சகஜம், அப்படியே சுகமாகப் பிறந்துவிடும்.

11 மணிக்குத் துணியில் சிவப்பாகக் கறை தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வந்தார். நல்ல மனதோடு, வலிக்கு ஒரு பெனடோல் உடைத்துக் கொடுக்கலாமே என்றார். வாசகர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பெனடோல் என்று நாம் சாப்பிடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்துக் கழிக்கப் பூனையின் ஈரலுக்கு வழியில்லை. அரை மாத்திரையே கொல்லப் போதும்.

இன்னொரு யோசனை தொலைபேசியில் வந்தது. பூனை வளர்த்து விற்கும் ஒருவர், தன்னிடம் ஊசி இருக்கிறது, ஒன்று போட்டால் குட்டி விழுந்துவிடும் என்றார். என்ன ஊசி என்று கேட்டேன். ஆக்ஸிடோசின். அந்த மருந்தை நான் 27 வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வார்டில் அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். வழி திறந்திருந்து கருப்பைக்குத் தெம்பு மட்டும் குறைவாக இருந்தால் அது உதவும். பூனைகளுக்கும் மருத்துவர்கள் சிறு அளவில் கொடுக்கிறார்கள், சில சமயம் கால்சியமும் சேர்த்து. வழியே அடைபட்டிருக்கும்போது போட்டால் கருப்பை எதிரே சுவரை வைத்துக்கொண்டு இறுக்கும். கிழிந்துவிடலாம். அன்று அந்த ஊசியை வாங்கிப் போட்டிருந்தால் அல்லி வீட்டிலேயே செத்திருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காத கையால் அந்த ஊசியை யாரும் போடக் கூடாது.

11.10 முதல் பேத்தி கிளினிக்குகளைக் கூப்பிட்டாள். முதல் மூன்றில் பதிவு செய்த குரல், பெருநாள் விடுமுறை, ஐந்தாம் தேதி திறப்போம், வாழ்த்துகள். நான்காவதில் ஒருவர் எடுத்து, காலை பத்து மணிக்குக் கொண்டு வாருங்கள் என்றார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்க உழைப்பவர்கள், பெருநாளில் குடும்பத்தோடு இருக்க வேண்டியவர்கள்தான். அந்த மூன்று குரல்களில் ஒன்றாவது, "அவசரம் என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று இன்னொரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஐந்தாவது எண் பேத்தியின் தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அது பெருநிலத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளினிக். மருத்துவரே எடுத்தார். "எப்போதிருந்து முக்குகிறது?" என்று கேட்டார். 8.15 என்றேன். ஒரு நொடி பேச்சில்லை. "உடனே புறப்படுங்கள், நான் போய்த் திறந்து வைக்கிறேன்" என்றார்.

எங்கள் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், சீனப் பெருநாள் இரவுகளில் கெக் லோக் சி கோயில் விளக்குகளைப் பார்க்க ஊரே வரும். அந்த நெரிசலில் நாங்கள் கூப்பிட்ட கிராப் வாடகைக் கார் நகரவே இல்லை. மலைமேல் அத்தனை விளக்கு, மடியில் துணிக்கூடைக்குள் அல்லி சத்தமே போடாமல் கிடந்தது. பேத்தி கூடைக்குள் கையை விட்டுக்கொண்டே வந்தாள். "பாட்டி, மூச்சு இருக்கு" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் சொன்னாள். பிறகு நெடுஞ்சாலை, பிறகு 13.5 கிலோமீட்டர் பாலம். கிளினிக் வாசலில் இறங்கியபோது மணி 12.35.

இளம் சீனப் பெண் மருத்துவர், கூட ஓர் உதவியாளர், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் நான்கு குட்டிகளின் முதுகெலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. மருத்துவர் விரலால் வேறோர் இடத்தைக் காட்டினார். இடுப்பெலும்பின் இடப்பக்கம் உடைந்து, உள்பக்கமாக மடிந்து கூடியிருந்தது. "ஆன்ட்டி, இதற்கு எப்போதாவது அடிபட்டதா?" என்று மலாயில் கேட்டார். எலும்பு தானாகக் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே, அந்தக் கூடல் இதுதான். குட்டி வெளியே வரும் வளையம் ஒரு பக்கம் ஒடுங்கிப்போய், முதல் குட்டியின் தலை அதில் சிக்கி நின்றது. எத்தனை முக்கினாலும் வராது. ஸ்கேனில் மூன்று இதயங்கள் துடித்தன. குட்டிகளுக்கு நிமிடத்துக்கு இருநூறுக்கு மேல் துடிக்க வேண்டும், அதில் ஒன்று 150க்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. சிக்கிய குட்டிக்குத் துடிப்பு இல்லை.

வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார். 1,680 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று முன்பே சொன்னார், கையெழுத்துக் கேட்டார். ஃபிரிட்ஜ் மாற்ற வைத்திருந்த பணம் இருந்தது. "பெரிய உயிரை முதலில் பாருங்கள் டாக்டர்" என்றேன். வார்டு வாசலில் எத்தனையோ மாமியார்களும் அம்மாக்களும் சொல்லிக் கேட்ட வார்த்தை, அன்று என் வாயிலிருந்து வந்தது.

நான் வேலை செய்த இடத்தைச் சொன்னதும் மருத்துவர் கொஞ்சம் யோசித்து, "குட்டிகளைத் துடைக்க எனக்கு ஒரு கை குறைகிறது, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்" என்றார். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். மயங்க வைக்கும் முன்பே, விழித்திருக்கும்போதே வயிற்று மயிரை மழித்து, மருந்து பூசி, மூக்கருகே பிராணவாயு பிடித்தார்கள். மயக்கத்தில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்பதற்காக. நம் பெண்களுக்கு முதுகில் ஊசி போட்டால் போதும், விழித்துக்கொண்டே பிள்ளையின் அழுகையைக் கேட்பார்கள். பூனையை அப்படிக் கிடத்த முடியாது, முழு மயக்கம் கொடுக்க வேண்டும். அந்த மயக்கம் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்கும் போய்விடும். ஆகவே வெளியே வரும் குட்டி பாதித் தூக்கத்தில்தான் வரும், அதை எழுப்புவது ஒரு தனி வேலை.

வயிற்றின் நடுக்கோட்டில் வெட்டினார். பூனையின் கருப்பையை நான் அதுவரை பார்த்ததில்லை. நமக்குள்ளது போல ஒரே பை இல்லை. இரண்டு நீண்ட கொம்புகள் போலப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் குட்டிகள் மணி கோத்தாற்போல வரிசையாக இருந்தன. கொம்புகள் சேரும் இடத்தில் ஒரே ஒரு வெட்டுப் போட்டு, குட்டிகளை ஒவ்வொன்றாக அந்த வாசலுக்கு நெட்டித் தள்ளிக் கொண்டுவந்தார். சிக்கியிருந்ததைப் பின்னோக்கி இழுத்து எடுத்தார், அது இறந்திருந்தது. அடுத்தது என் கைக்கு வந்தது. நான் பழைய காலத்து ஆள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் போனேன். "வேண்டாம், உதறவும் கூடாது, மூளையில் ரத்தம் கசியும்" என்று மருத்துவர் தலையைத் தூக்காமலே சொன்னார். உதவியாளர் சின்ன ரப்பர் பந்தால் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை உறிஞ்சினார். சூடான துண்டால் முதுகைத் தேய்க்கச் சொன்னார். தாய்ப்பூனையின் சொரசொரப்பான நாக்கு நக்கும் வேகத்தில் தேய்க்க வேண்டுமாம். என் உள்ளங்கையைவிடச் சின்னது, ஈரமாக, துவண்டு கிடந்தது. எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்று தெரியவில்லை, திடீரென்று வாயைத் திறந்து ஒரு கீச்சு. பிரசவ வார்டில் முதல் அழுகையைக் கேட்டதும் எல்லோருக்கும் தோள் தளரும் பாருங்கள், அதேதான். அந்த அறையில் மூன்று பேருக்கும் தளர்ந்தது.

மூன்றாவதும் கத்தியது. ஒன்று 92 கிராம், ஒன்று 104. நான்காவது, அந்த மெதுவான துடிப்புக்காரி, இருபது நிமிடம் தேய்த்தும் திரும்பி வரவில்லை.

இதற்கிடையில் மருத்துவர் என்னைக் கூப்பிட்டு ஓர் இடத்தைக் காட்டினார். தலை சிக்கி அழுத்திய பகுதியில் கருப்பை கறுத்திருந்தது. தைத்து வைத்தாலும் சீழ் பிடிக்கலாம், இடுப்பும் இப்படி இருப்பதால் இன்னொரு சினை வந்தாலும் இதே கதிதான், கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பால் சுரக்குமா? பால் நின்றுவிடும் என்று பயந்து பலர் இந்த ஆபரேஷனை மறுத்துவிடுகிறார்களாம். பாலைச் சுரக்கச் செய்யும் ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது, கருப்பையிலிருந்து இல்லை, பால் நிற்காது என்றார். சரி என்றேன். அவர் சொன்னபடியே ஆனது. அல்லி எட்டு வாரம் பால் கொடுத்தது.

விழித்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. தான் பெற்றதே அதற்குத் தெரியவில்லை. குட்டிகளைப் பார்த்துச் சீறியது. நஞ்சுக்கொடி ஈரத்தைக் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார்கள், அதைக் குட்டிகள் மேல் தடவி, அல்லி நன்றாகத் தெளிந்த பிறகு, கையால் பிடித்துக்கொண்டே முலையில் சேர்த்தார்கள். அரைமயக்கத்தில் விட்டிருந்தால் மேலே புரண்டு நசுக்கியிருக்கும். விடிகாலை நான்கரைக்கு அது முதல் தடவையாகக் குட்டியை நக்கியது. பேத்தி அழுதாள். நானும்தான்.

வீட்டில் முதல் வாரம் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் பெட்டியிலேயே இருந்தது. பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தினமும் சமையல் தராசில் எடை பார்த்தோம். நாளுக்குப் பத்துக் கிராம் ஏறினால் பால் போதுகிறது என்று கணக்கு. ஏறாத நாளில் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தோம். பசும்பாலும் டின் பாலும் வயிற்றைக் கெடுக்கும்.

பிளாட் காவலாளி ஒருவர், "பூனைக்குப் போய் ஆயிரத்து அறுநூறா" என்று கேட்டார். பலரும் மனதில் இதையே நினைத்திருப்பார்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் விலங்கு வளர்ப்பவருக்கு அதன் தேவைகளைக் கவனிக்கும் கடமையை வைத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் இருக்க எனக்கு இரண்டு வாய்ப்பு இருந்தது. ஜூலையில் ஓர் எக்ஸ்ரே எடுத்திருந்தால் இடுப்பு ஒடுங்கியது அன்றே தெரிந்திருக்கும். தெரிந்த கையோடு கருத்தடை செய்திருந்தால் அல்லி இந்த வேதனையைப் பட்டிருக்காது, இரண்டு குட்டிகளும் செத்திருக்காது. பூனைகள் நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்பட முடியும், அதற்குள் செய்துவிடலாம். ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்போதுதான் ஆரோக்கியம் என்று சொல்வதில் ஒன்றும் இல்லை. மோட்டார் இடித்த தெருப்பூனையைத் தூக்கி வளர்க்கும் புண்ணியவான்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன், நொண்டல் நின்றுவிட்டது என்பதை வைத்து இடுப்பு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பெர்சியன் மாதிரித் தட்டை முகப் பூனை வளர்ப்பவர்களும், குட்டிகளின் தலை பெரிதாக இருக்கும் என்பதால், சினையின் கடைசி வாரத்தில் ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்து எத்தனை குட்டி என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் உள்ளே ஏதும் தங்கிவிட்டதா என்ற குழப்பம் இருக்காது.

உங்களிடமும் மாநிலத்தின் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடமும் ஒரு கோரிக்கை. சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி, தைப்பூசம் வரும் நாட்களில் தீவிலும் பெருநிலத்திலும் எந்தக் கிளினிக் எந்த இரவு திறந்திருக்கும் என்று கிளினிக்குகள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளத் துறை கூட்டிப் பேச வேண்டும். முறை வைக்க முடியாவிட்டாலும், மூடிய கதவில் நான்கு மொழியில் ஒரு தாள், பதிவுக் குரலில் ஓர் எண், இவை போதும். ஒரு காசு செலவில்லை. அந்தப் பட்டியல் கிடைத்தால் பெருநாளுக்கு முந்தின ஞாயிறு பதிப்பில் ஒரு மூலையில் அச்சிட்டு உதவுங்கள். எங்கள் பேத்தி போல வாட்ஸ்அப்பில் தேடித் தர எல்லோர் வீட்டிலும் ஆள் இல்லை. இந்த பிளாட்டில் தனியாகப் பூனையோடு இருக்கும் முதியவர்கள் ஏழெட்டுப் பேரை எனக்கே தெரியும்.

குட்டிகள் இரண்டும் பெண். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விட்டது, ஒன்று இங்கேயே இருக்கிறது. அடுத்த மாதம் ஐந்து மாதம் முடிகிறது. இரண்டுக்கும் ஒரே நாளில் கருத்தடைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், அதே மருத்துவரிடம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
ஃபார்லிம், பினாங்கு.